நிலத்தடி எரிவாயுக் கிடங்கின் மேல் நிலம் எழுவதையும் தாழ்வதையும் ரேடார் செயற்கைக்கோளால் கண்காணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோடை முழுக்க கம்ப்ரெசர்கள் ஓடுகின்றன. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, முன்பு எரிவாயு எடுத்துத் தீர்ந்துபோன மணற்பாறைக்குள் மறுபடியும் வாயுவை அழுத்தி ஏற்றுகிறார்கள். குளிர் தொடங்கியதும் அதே கிணறுகள் வழியாக வெளியே எடுக்கிறார்கள். ஏற்றும்போது மேலே நிலம் சில மில்லிமீட்டர் எழுகிறது, எடுக்கும்போது தாழ்கிறது. அந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்குக் கூட இது தெரியாது. சுமார் 690 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சென்டினல்-1 ரேடாருக்குத் தெரியும்.

மில்லிமீட்டரை அளப்பது இன்று பெரிய வித்தை இல்லை. தரவு இலவசம், மென்பொருளும் இலவசம். அளந்த மில்லிமீட்டர் வாயுவால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குவது கிடங்கு மட்டும் இல்லை. வெயிலும், நிலத்தடி நீரும், களிமண்ணும், காற்றின் ஈரமும் அப்படித்தான் ஏறி இறங்குகின்றன. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தப் பிரிப்பைப் பற்றியதுதான். ரேடார் படங்களை ஒருமுறையாவது கையாண்டவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கிடங்கு எந்த வகை?

முதலில் இதைக் கேளுங்கள். மூன்று வகைகளும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

தீர்ந்துபோன எரிவாயு வயல்கள் முதல் வகை. உலகின் சேமிப்புத் திறனில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது. நீர் நிறைந்த நுண்துளைப் பாறையில் நீரை ஒதுக்கிவிட்டு வாயுவை ஏற்றுவது இரண்டாவது வகை. இவ்விரண்டிலும் இயக்கம் ஒன்றே. பாறையின் துளைகளுக்குள் அழுத்தம் கூடினால், மேலிருக்கும் பாறைச் சுமையில் ஒரு பகுதியை வாயுவே தாங்கிக்கொள்கிறது. பாறையின் மணல் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைந்து பாறை விரிகிறது. அழுத்தம் இறங்கினால் சுருங்குகிறது. பெரும்பாலும் மீள்தன்மையோடு நடப்பதால், மேலே நீங்கள் காணப்போவது ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் அலை.

மூன்றாவது வகை, உப்புப் படிவத்தில் நீரைச் செலுத்திக் கரைத்துக் குடைந்த குகை. உப்பு, பாறை போலத் தெரிந்தாலும் மிக மெதுவாக வழிந்து ஓடும் பொருள். குகைக்குள் வாயு அழுத்தம் குறைவாக இருக்கும் நாட்களில் சுவர்கள் உள்நோக்கி நெருங்கும். அதற்கேற்ப மேலே கிண்ணம் போன்ற தாழ்வு ஆண்டுக்காண்டு ஆழமாகும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எமினென்ஸ் என்ற இடத்தில், 1970-களின் தொடக்கத்தில் ஓர் உப்புக் குகை இரண்டே ஆண்டுகளில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை இழந்தது. அதிக ஆழமும் குறைந்த அழுத்தமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் அது.

ஆக, வயலிலும் நீர்ப்பாறையிலும் அலையைத் தேடுங்கள். உப்புக் குகையில் சரிவைத் தேடுங்கள், அந்தச் சரிவு எப்போது செங்குத்தாகிறது என்று பாருங்கள்.

படி 2: படம் இறக்குவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எவ்வளவு அசைவு எதிர்பார்க்கலாம் என்று தெரியாமல் தரவுக்குள் போனால், காண்பதெல்லாம் வாயுவாகத் தெரியும்.

ஒரு கற்பனைக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். பாறையடுக்கின் தடிமன் 50 மீட்டர். நிரம்பிய நாளுக்கும் காலியான நாளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு 6 மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கலுக்கு இந்தப் பாறை தன் தடிமனில் லட்சத்தில் 3 பங்கு விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 × 6 × 0.00003 என்றால் 0.009 மீட்டர், அதாவது 9 மில்லிமீட்டர். இது கீழே பாறை விரியும் அளவு.

அதில் எவ்வளவு மேலே வந்து சேரும்? கீர்ட்ஸ்மா என்ற ஆய்வாளர் 1973-இல் தந்த வட்டத்தட்டு மாதிரி இதற்குப் போதும். கிடங்கை ஒரு தட்டையான வட்டமாக வைத்துக்கொண்டால், மையத்தில் நிலம் எழும் அளவு இப்படி வரும்:

2 × (1 − பாய்சான் விகிதம்) × பாறை விரிவு × [1 − ஆழம் ÷ √(ஆழம்² + ஆரம்²)]

பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அழுத்தினால் பாறை பக்கவாட்டில் எவ்வளவு புடைக்கும் என்ற விகிதம்) 0.25, ஆழம் 1,200 மீட்டர், ஆரம் 2,000 மீட்டர் என்றால் விரிவில் 0.73 பங்கு மேலே வரும். 9 மில்லிமீட்டர் விரிவுக்கு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் எழும்பு. இதை ரேடாரில் நன்றாகப் பார்க்கலாம். அதே பாறை 3,000 மீட்டர் ஆழத்தில், 1,500 மீட்டர் ஆரத்தோடு இருந்தால் 0.16 பங்குதான் வரும். 1.4 மில்லிமீட்டர். பல ஆண்டுத் தரவும் ரேடார் அலையை நிலையாகத் திருப்பி அனுப்பும் புள்ளிகளும் இருந்தால்தான் இது வெளிப்படும். இரண்டாவது நிலை என்றால் அதை வேலை கொடுத்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அசைவு எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் இந்த மாதிரியே சொல்லும். கிடங்கின் விளிம்பைத் தாண்டி, அதன் ஆழத்துக்கு நிகரான தூரம் வரை அசைவு கணிசமாகவே இருக்கும். இந்தத் தூரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், படி 6-இல் தேவைப்படும்.

படி 3: எந்தச் செயற்கைக்கோள்?

பெரும்பாலான வேலைக்குச் சென்டினல்-1 போதும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 ஏப்ரலில் முதல் செயற்கைக்கோளையும், 2016-இல் இரண்டாவதையும் ஏவியது. அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். ஒரே இடத்துக்கு 12 நாட்களுக்கு ஒருமுறை, இரண்டும் இயங்கிய காலத்தில் 6 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வந்தன. 2021 டிசம்பரில் 1பி பழுதானது. அதற்குப் பதிலாக 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் பல இடங்களில் படங்கள் பாதியாகக் குறைந்திருக்கும். உங்கள் காலவரிசையில் இரைச்சல் 2022-லிருந்து திடீரென மாறினால் நிலத்தைச் சந்தேகிக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

காடும் அடர்ந்த பயிரும் மூடிய இடங்களுக்கு நீண்ட அலை வேண்டும். இலைகளை ஊடுருவி மண்ணைத் தொடும் எல்-அலை, ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். ஜப்பானின் அலோஸ்-2 இந்த வகை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும் எல்-அலைத் தரவு இனி இத்துறையை நிறையவே மாற்றும் என்று நம்புகிறேன். அலைநீளம் கூடும்போது ஒரே அசைவுக்குக் கட்டமாற்றம் (திரும்பி வரும் அலை தன் சுற்றில் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்ற அளவு) குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 3 மில்லிமீட்டர் அசைவை எல்-அலையில் தேடுவது எளிதல்ல. ஒரே குழாய்த்தளத்தை நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் 3.1 சென்டிமீட்டர் எக்ஸ்-அலை, டெர்ராசார்-எக்ஸ் போன்றவை. அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும்.

எதை எடுத்தாலும் இரண்டு விதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். ஏறுபாதை (செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்தது), இறங்குபாதை (தெற்கு நோக்கிப் போகும்போது எடுத்தது) இரண்டு தரவும் வேண்டும். குறைந்தது இரண்டு முழு ஏற்று-எடுப்புச் சுழற்சிகள் தரவுக்குள் அடங்க வேண்டும். கிடங்கு இயங்கத் தொடங்கும் முன்பிருந்த ஆண்டுகளின் படங்கள் கிடைத்தால் அவற்றை எப்பாடுபட்டாவது சேருங்கள். வாயு ஏற்றாத காலத்தில் அந்த நிலம் எப்படி ஏறி இறங்கியது என்பதைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

படி 4: புள்ளிகள் போதுமா?

ரேடாருக்கு நிலையாகப் பதில் சொல்லும் பொருள் வேண்டும். வீடு, மின்கம்பம், வேலி, வெற்றுப்பாறை நல்லவை. உழுத வயல் ஒவ்வொரு வாரமும் வேறு முகம் காட்டும். தோராயமாக ஓர் ஒத்திசைவு வரைபடம் (வெவ்வேறு தேதிகளில் ரேடார் பதில் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டுவது) எடுத்து, அதன் மேல் கிடங்கின் எல்லையை வரைந்து பாருங்கள். மையத்தில் புள்ளியே இல்லாமல் ஓரத்து ஊரில் மட்டும் ஆயிரம் புள்ளிகள் இருந்தால், மையத்தில் நீங்களே பிரதிபலிப்பான் நிறுவ வேண்டியதுதான்.

மூன்று முக்கோண உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்த மூலைப் பிரதிபலிப்பான் அது. உள்விளிம்பு ஒரு மீட்டர் இருந்தால், சென்டினல்-1 அலைக்கு அதன் ரேடார் குறுக்குப்பரப்பு (ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறத்தாழ 1,360 சதுர மீட்டர். அவ்வளவு சிறிய பொருள் படத்தில் நட்சத்திரம் போல மின்னுவது அதனால்தான். நிறுத்துவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதன் மிகச் சிறந்த பார்வைத் திசை அடித்தகட்டிலிருந்து 35.3 பாகை மேலே இருக்கும். செயற்கைக்கோள் செங்குத்திலிருந்து 39 பாகைச் சாய்வில் பார்க்கிறது என்றால், அடிவானத்திலிருந்து அது 51 பாகை உயரத்தில் நிற்கிறது. எனவே அடித்தகட்டின் முன்விளிம்பை ஏறத்தாழ 16 பாகை உயர்த்த வேண்டும். நடு அட்சரேகைகளில் ஏறுபாதைக்கு வாய் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, இறங்குபாதைக்குக் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே பார்க்கும்.

உயர்த்திய தகட்டில் மழைநீர் தேங்கும், சருகும் பனியும் சேரும். தாழ்ந்த மூலையில் துளை போடுங்கள். கம்பத்தைக் களிமண்ணின் மேலடுக்கில் நட்டுவிட்டு வராதீர்கள். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் ஆழத்தைத் தாண்டி அடித்தளம் இறங்க வேண்டும். அதே தூணில் ஒரு ஜி.பி.எஸ். நிலையமும் வைத்துவிட்டால் பின்னால் வரும் பல வாதங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 5: கணினியில் நடப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மென்பொருள்களின் கையேடுகள் விரிவாகவே உள்ளன. படங்களைத் துல்லியமாகப் பொருத்துவது, இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றின் கட்ட வேறுபாட்டைக் காட்டும் குறுக்கீட்டுப் படம் எடுப்பது, நிலவுயர மாதிரியால் மேடுபள்ளத்தின் பங்கைக் கழிப்பது, கட்டத்தைச் சுருள் நீக்கித் தொடர் எண்ணாக்குவது, காலவரிசை அமைப்பது. ஐ.எஸ்.சி.இ.-2, ஜி.எம்.டி.சார், ஸ்னாப் ஆகியவை முதல் பாதிக்கு. சுருள் நீக்க ஸ்னாஃபு. காலவரிசைக்கு மின்ட்பை அல்லது ஸ்டாம்ப்ஸ். சொந்தக் கணினியில் இடமில்லை என்றால் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் ஹைப்3 சேவை குறுக்கீட்டுப் படங்களைச் செய்தே அனுப்பும்.

கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றினால், பார்வைக் கோட்டில் அசைவு அரை அலைநீளம், 2.8 சென்டிமீட்டர். கிடங்கின் அசைவு சில கிலோமீட்டருக்குள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது என்பதால், சுருள் நீக்கத்தில் பெரிய சங்கடம் வராது. மூன்று வேறிடங்களில்தான் தவறு நேர்கிறது.

அடுத்தடுத்த தேதிகளை மட்டும் இணைத்த குறுகிய வலை முதல் தவறு. மண் ஈரமும் பயிரும் ஒவ்வொரு குறுகிய இணையிலும் ஒரு சிறு பொய்யை விட்டுச்செல்கின்றன. அவை ஒரே திசையில் கூடிக்கூடி ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் போலிச் சரிவாகிவிடும். ஒவ்வொரு தேதியையும் அடுத்த மூன்று நான்கு தேதிகளோடும், கூடவே ஓராண்டு இடைவெளி இணைகளோடும் சேருங்கள். ஒரே பருவத்தில் எடுத்த படங்கள் பயிர் நிலத்திலும் பல நேரம் ஒத்திசைந்து நிற்கும்.

படத்தின் குறுக்கே ஒரு சாய்தளத்தைப் பொருத்திக் கழிப்பது இரண்டாவது. படம் பெரிதாக இருந்தால் பாதகமில்லை. கிடங்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு கழித்தால் நீங்கள் தேடும் கிண்ணத்தில் பாதி அதோடு போய்விடும். கழிக்க வேண்டுமானால் கிடங்கின் பரப்பை மூடிவைத்துவிட்டு வெளியில் மட்டும் பொருத்துங்கள்.

வளிமண்டலத்தைத் திருத்தாமல் விடுவது மூன்றாவது. காற்றிலுள்ள நீராவி ஒரு மில்லிமீட்டர் நீருக்குச் சமமாகக் கூடினால், ரேடார் பாதை ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் நீண்டதாகத் தெரியும். ஈரா5 வானிலைத் தரவையோ கேக்கோஸ் சேவையையோ கொண்டு திருத்துங்கள். திருத்தும் முன்னும் பின்னும் சிதறலை ஒப்பிட்டு, குறைந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். சமவெளியில் சில சமயம் திருத்தமே இரைச்சலைக் கூட்டும்.

படி 6: ஒப்பீட்டுப் புள்ளி

இன்சார், அதாவது இந்த ரேடார் குறுக்கீட்டு முறை, தரும் எண்கள் எல்லாம் ஏதோ ஒரு புள்ளியைச் சார்ந்தவை. அந்தப் புள்ளி நகர்ந்தால் உலகமே எதிர்த்திசையில் நகர்ந்ததாகத் தெரியும்.

நான் இந்த வேலையைக் கற்ற நாட்களில் கிடங்கின் நிர்வாகக் கட்டடத்தையே ஒப்பீட்டுப் புள்ளியாக வைத்தேன். ஒத்திசைவு அங்கேதான் மிக அதிகமாக இருந்தது. முடிவில் கிடங்கு அசையவே இல்லை, சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் கோடையில் தாழ்ந்து குளிரில் எழுந்தன. வரைபடம் பார்க்க அழகாக இருந்ததால் இரண்டு வாரம் அதை நம்பினேன்.

கிடங்கின் விளிம்பிலிருந்து ஆழத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி, பாறைமேல் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். அதே போன்ற உயரத்தில் இருக்கட்டும். ஒப்பீட்டுப் புள்ளி குன்றின் மேலும் கிடங்கு பள்ளத்திலும் இருந்தால், கோடை நீராவி பள்ளத்தின் மேல்தான் அதிகம் சேரும். கிடங்கு கோடையில் தாழ்வதாக ஒரு பொய் கிளம்பும். ஒற்றைப் புள்ளியை நம்பாமல் சில நூறு புள்ளிகளின் சராசரியை எடுங்கள். பிறகு வேறு திசையில் இன்னோர் ஒப்பீட்டுப் பகுதியை வைத்து முழுக் கணக்கையும் திரும்பச் செய்யுங்கள். இரண்டிலும் நிற்கும் முடிவை மட்டும் எழுதுங்கள்.

படி 7: பார்வைக் கோட்டிலிருந்து மேல்-கீழுக்கு

ரேடார் சாய்ந்து பார்க்கிறது. அது காண்பது நேர்மேல் அசைவும் கிழக்கு-மேற்கு அசைவும் கலந்த ஒன்று. வடக்கு-தெற்கு அசைவு அதற்கு ஏறக்குறைய தெரியாது. ஏறுபாதையையும் இறங்குபாதையையும் சேர்த்தால் முதல் இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஒரு புள்ளியை எடுப்போம். கோடையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறுபாதை 3 மில்லிமீட்டர் நெருக்கம் காட்டுகிறது, இறங்குபாதை 7 மில்லிமீட்டர். இரண்டிலும் சாய்வு 39 பாகை என்று கொள்வோம். கொசைன் 0.777, சைன் 0.629. நேர்மேல் அசைவு: (3 + 7) ÷ (2 × 0.777) = 6.4 மில்லிமீட்டர் மேலே. கிழக்கு அசைவு: (7 − 3) ÷ (2 × 0.629) = 3.2 மில்லிமீட்டர் கிழக்கே. ஏறுபாதைச் செயற்கைக்கோள் மேற்கிலிருந்து பார்க்கிறது, கிழக்கே நகரும் நிலம் அதைவிட்டு விலகுகிறது. அதனால்தான் அதன் எண் சிறிதாகிறது. உண்மைத் தரவில் இரண்டு பாதைகளின் சாய்வும் வேறாக இருக்கும், இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்தால் போதும். தேதிகளும் வேறு வேறு என்பதால், இரண்டையும் ஒரே கால அட்டவணைக்குக் கொண்டுவந்த பிறகே கூட்டுங்கள்.

கிழக்கு-மேற்கு வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த படியில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

படி 8: வாயுவா, வேறா?

ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் பிற ஆட்களை வரிசையாகப் பார்ப்போம்.

வெயில். கம்ப்ரெசர் நிலையத்தின் உலோகக் கட்டமைப்புகள் ரேடாரில் மிகப் பிரகாசமான, மிக நிலையான புள்ளிகள். எஃகு ஒரு பாகை வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 10 மீட்டர் உயர எஃகுக் கோபுரம், குளிருக்கும் கோடைக்கும் 30 பாகை வேறுபாட்டில் 3.6 மில்லிமீட்டர் உயரும். வாயு ஏற்றும் அதே மாதங்களில், அதே திசையில், கிடங்கின் நட்டநடுவில். இதைக் கிடங்கின் எழும்பு என்று எழுதி அனுப்பிய அறிக்கைகளை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். தீர்வு எளியது. உயரமான உலோகப் புள்ளிகளையும் தரைமட்டப் புள்ளிகளையும் தனித்தனியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். வாயு என்றால் தரையும் சேர்ந்து எழ வேண்டும்.

களிமண். மழைக்கால ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். வாயுவுக்கு நேர் எதிர். ஆழமில்லாத அடித்தளம் கொண்ட வீடுகளில் இது வாயுவின் எழும்பைத் தின்றுவிடும். எதுவுமே அசையவில்லை என்ற முடிவு வந்தால், மண் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

நிலத்தடி நீர். பாசனத்துக்குக் கோடையில் இறைத்தால் நிலம் கோடையில் தாழும். இதன் பரப்பு பெரும்பாலும் கிடங்கைவிடப் பெரியது, கிணறுகளின் நீர்மட்டத்தோடு ஒத்துப்போகும்.

இவற்றிலிருந்து வாயுவைப் பிரிக்க மூன்று சோதனைகள்.

முதலாவது, வடிவம். வாயு ஏற்றும்போது நிலம் கொப்பளம் போல எழுகிறது. கொப்பளத்தின் கிழக்குப் பக்கம் கிழக்கே, மேற்குப் பக்கம் மேற்கே விலகும். மையத்தில் கிடையசைவு சுழியம். வாயு எடுக்கும்போது இரண்டு பக்கமும் மையம் நோக்கித் திரும்பும். வெயிலாலும் களிமண்ணாலும் இந்த எதிரெதிர் ஜோடியைச் செய்ய முடியாது. இத்தாலியில் போ சமவெளியின் லொம்பார்டியா கிடங்கில் நேர்மேல் அசைவும் கிழக்கு-மேற்கு அசைவும் வாயுச் சுழற்சியோடு சேர்ந்தே வருவதை ரேடார் காட்டியது, இத்துறையில் பலரும் திரும்பிப் பார்க்கும் இடம் அது.

இரண்டாவது, அழுத்தம் அல்லது இருப்பு. சைன் அலையைப் பொருத்திவிட்டு நிறுத்தாதீர்கள், வெயிலுக்கும் அது பொருந்தும். கிடங்கின் உண்மையான இருப்பு வரைபடத்தையே பொருத்துங்கள்:

அசைவு = மாறிலி + சரிவு × காலம் + க × வாயு இருப்பு + ம × வெப்பநிலை + மீதம்

வாயுவும் வெப்பமும் ஒன்றாக ஏறி இறங்கும் வரை 'க'வும் 'ம'வும் ஒன்றையொன்று மறைக்கும். இரண்டும் பிரியும் ஆண்டைத் தேடுங்கள். ஐரோப்பாவுக்கு அப்படி ஓர் ஆண்டு தானாகவே கிடைத்தது. 2022 மார்ச் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிடங்குகள் மொத்தத்தில் 26 விழுக்காட்டை ஒட்டி இருந்தன. ஓராண்டு கழித்து, அதே மார்ச் இறுதியில், 55 விழுக்காட்டுக்கு மேல் இருந்தன. ஒரு வசந்தத்துக்கும் அடுத்த வசந்தத்துக்கும் இடையே வெப்பநிலை அவ்வளவு மாறாது, இருப்பு இரண்டு மடங்கானது. 2023 வசந்தத்தில் நிலம் முந்தைய வசந்தத்தைவிட உயர்ந்து நின்றிருந்தால், அது வாயு. கிடங்குவாரியாக அன்றாட இருப்பை ஏ.ஜி.எஸ்.ஐ. தளம் இலவசமாகத் தருகிறது. ஐரோப்பிய நில அசைவுச் சேவை, சென்டினல்-1 காலவரிசையை மேல்-கீழ், கிழக்கு-மேற்கு என்று பிரித்தே இலவசமாகத் தருகிறது. ஒரு குறுக்கீட்டுப் படம் கூடச் செய்யாமல் இந்தச் சோதனையை வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் தரும் பயிற்சி இதுதான்.

மூன்றாவது, சுழல் வரைபடம். கிடை அச்சில் இருப்பு, செங்குத்து அச்சில் அசைவு. புள்ளிகளைத் தேதி வரிசையில் கோட்டால் இணையுங்கள். மீள்தன்மையோடு இயங்கும் கிடங்கு ஏறிய வழியிலேயே ஏறக்குறைய இறங்கும். வளையம் அகன்றால் தாமதம் இருக்கிறது. கிடங்கு நீர்ப்பாறையைத் தள்ளுவதாக இருக்கலாம், அல்லது நீங்கள் பார்ப்பது வாயுவே அல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் வளையம் கீழே கீழே நழுவினால், மீளாத அமுக்கம் நடக்கிறது. உப்புக் குகையில் இந்த நழுவலைத்தான் தேடுகிறோம்.

எவ்வளவு சிறிய அலை வரை நம்பலாம்? ஒற்றை அளவீட்டின் சிதறல் 4 மில்லிமீட்டர், 150 தேதிகள் என்றால், அலையின் உயரத்தில் பிழை 4 × √(2 ÷ 150), ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சிதறல் முழுக்கத் தற்செயலாக இருந்தால் மட்டும். மேலே சொன்ன வெயிலும் களிமண்ணும் தற்செயல் அல்ல, எத்தனை தேதிகளைச் சேர்த்தாலும் சராசரியில் கரையாது.

படி 9: ரேடார் காணாதவை

வேலை கொடுத்தவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டிய படி இது.

கிணற்றுக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாவது ரேடாரில் தெரியாது. கலிபோர்னியாவின் அலிசோ கேன்யனில் 2015 அக்டோபர் 23 அன்று வெளிப்பட்ட கசிவு, 2016 பிப்ரவரி வரை நீடித்து ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேனைக் காற்றில் கலந்தது. மூலம், ஒரே கிணற்றின் உறைக்குழாயில் வெளிப்புறமாகத் துரு அரித்த இடம். கன்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சனில் 2001 ஜனவரியில் உப்புக் குகைக் கிணறு ஒன்றிலிருந்து தப்பிய வாயு பல கிலோமீட்டர் நிலத்தடியில் நகர்ந்து ஊருக்குள் வெடித்தது, இருவர் உயிரிழந்தனர். இவற்றுக்குக் கிணற்றுக்குள் இறங்கும் கருவிகளும் வாயு உணரிகளும்தான் காவல். ரேடார் அவற்றுக்கு மாற்று என்று யாராவது விற்க வந்தால் ஏற்காதீர்கள்.

கடலும் தெரியாது. ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால் காஸ்டர் கிடங்கில் 2013-இல் வாயு ஏற்றத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்கள் பதிவாயின, பெரியது 4-ஐத் தாண்டியது. திட்டம் கைவிடப்பட்டது. அங்கே பேசியவை நிலநடுக்கமானிகள். இத்தாலி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நிலநடுக்கம், நில அசைவு, பாறைத்துளை அழுத்தம் மூன்றையும் ஒன்றாகவே கண்காணிக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ரேடார் மட்டுமே காட்டுவதும் உண்டு. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004 முதல் 2011 வரை கரியமில வாயுவை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்றினார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் எழும்பு தெரிந்தது. ஒரு கிணற்றின் மேல் மட்டும் ஒற்றை மேட்டுக்குப் பதில் இரண்டு இணை மேடுகளும் நடுவில் ஒரு வாய்க்காலும் தெரிந்தன. செங்குத்தான ஒரு விரிசல் கீழே வாய்திறக்கும்போது வரும் வடிவம் அது. பாலைவனம் என்பதால் ஒத்திசைவு அருமை, வேறு எந்தக் கருவியும் அந்த வடிவத்தை முதலில் காட்டியிருக்காது.

படி 10: எச்சரிக்கை எல்லை

சில சுழற்சிகளின் தரவிலிருந்து, ஒவ்வொரு இருப்பு நிலைக்கும் நிலம் வழக்கமாக எங்கே நிற்கிறது என்ற பட்டையை வரையுங்கள். ஒற்றைத் தேதியில் பட்டையைத் தாண்டியதற்கெல்லாம் மணி அடித்தால் மூன்றாவது முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் பயன்படுத்தும் நிபந்தனை: அடுத்தடுத்து மூன்று தேதிகள், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் ஒரு கூட்டம், இரண்டு பாதைகளிலும். 12 நாட்கள் சுழற்சியில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதைவிட விரைவான எச்சரிக்கை வேண்டுமென்றால் ஜி.பி.எஸ். நிலையங்களும் சாய்வுமானிகளும் வேண்டும்.

மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் இந்த வரிசையில் போங்கள். ஒப்பீட்டுப் பகுதியை மாற்றி மறுபடி கணக்கிடுங்கள். அந்த நாட்களின் மழை, உறைபனிப் பதிவைப் பாருங்கள். புள்ளிகள் இருக்கும் இடத்துக்கு நேரில் போங்கள், புதிதாகக் கொட்டிய மண்ணும் மாற்றிய கூரையும் பலமுறை அங்கேதான் தெரியவரும். அதற்கும் பிறகு புள்ளிகள் பட்டைக்கு வெளியே நின்றால், அன்றே கிடங்குப் பொறியாளரை அழைத்து, அந்தப் பகுதிக் கிணறுகளின் அழுத்தப் பதிவை நாள்வாரியாகக் கேளுங்கள். இருப்பு மொத்தத்தில் சரியாக இருந்தும் ஒரு கிணற்றின் அழுத்தம் மட்டும் வழக்கத்தை மீறியிருந்தால், உங்கள் வரைபடத்தையும் அந்தப் பதிவையும் ஒரே தாளில் ஒரே கால அச்சில் வரைந்து அவர் கையில் கொடுங்கள்.